புதுப் பாகத்தைத் தொடங்கும் முன் பழைய முடிவுகளை எழுதி வையுங்கள்

கேம் இன்ஸ்டால் ஆகிக்கொண்டிருக்கும்போதே இதைப் படித்துவிடுங்கள். நாம் எடுக்கும் முடிவுகளால் கதை நகரும் கேம் தொடர் ஒன்றில் அடுத்த பாகத்தைத் தொடங்கப் போகிறீர்கள் என்றால், முந்தைய பாகத்தில் நீங்கள் என்ன செய்துவிட்டு வந்தீர்கள் என்பதிலிருந்தே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அதைக் கவனிக்காமல் அவசரமாக "நியூ கேம்" அழுத்திவிட்டு, பத்து மணி நேரம் கழித்து "இது என் கதையே இல்லையே" என்று உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

உதாரணங்களைப் பெரும்பாலும் லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் தொடரிலிருந்து எடுக்கிறேன், குறிப்பாக 2024 அக்டோபர் 29 அன்று வெளியான டபுள் எக்ஸ்போஷரிலிருந்து. 2015-இல் நாம் விட்டுவிட்டு வந்த நாயகி மேக்ஸ் கால்ஃபீல்டை ஒன்பது வருடம் கழித்துத் திரும்ப நம் கையில் கொடுத்த பாகம் அது என்பதால், தொடர்ச்சியை எப்படி ஆடுவது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முதல் கேமின் முடிவைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவேன். டபுள் எக்ஸ்போஷரில் தொடக்கத்தில் நடக்கும் கொலையைத் தாண்டி எதையும் உடைக்க மாட்டேன்.

முதலில், பழையதையெல்லாம் ஆட வேண்டுமா? எல்லாம் வேண்டாம். தொடரில் எந்தப் பாகம் யாருடைய கதை என்று பார்த்தால் போதும். 2015-இல் டோன்ட்நாட் நிறுவனம் செய்த முதல் கேம் மேக்ஸின் கதை, அதை மட்டும் விடக்கூடாது. 12-லிருந்து 15 மணி நேரம் ஆகும், முதல் எபிசோட் 2016-இலிருந்தே இலவசமாகக் கிடைக்கிறது, பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம். 2017-இல் டெக் நைன் செய்த பிஃபோர் தி ஸ்டார்ம், மேக்ஸின் சிறுவயதுத் தோழி க்ளோயியின் முன்கதை. க்ளோயியை நேசிப்பவர்கள் ஆடுங்கள், மற்றவர்கள் விட்டாலும் மேக்ஸின் கதை புரியும். லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் 2 டியாஸ் சகோதரர்களின் கதை, 2021-இல் வந்த ட்ரூ கலர்ஸ் அலெக்ஸ் சென்னின் கதை, இரண்டுமே தனியாக நிற்கும். ஆனால் யூடியூபில் பத்து நிமிடக் கதைச் சுருக்கம் பார்த்துவிட்டு டபுள் எக்ஸ்போஷருக்குப் போவதை மட்டும் செய்யாதீர்கள். என்ன நடந்தது என்பது சுருக்கத்தில் கிடைக்கும், ஆனால் அந்தக் கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று காப்பாற்றுவது க்ளோயியையா, ஆர்கேடியா பே ஊரையா என்று நீங்களே பொத்தானை அழுத்திய கனம் கிடைக்காது. அந்தக் கனத்தை நம்பித்தான் அடுத்த பாகத்தில் பாதி வசனம் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது பழைய முடிவுகள். ஒவ்வொரு தொடரும் இதை ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது, புதுப் பாகம் வாங்குவதற்கு முன்பே எது எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது.

மாஸ் எஃபெக்ட் பழைய சேவ் ஃபைலையே எடுத்துப் படிக்கும். 2007-இல் ஆடியதை 2010-இல் வந்த இரண்டாம் பாகமும், அதை 2012-இல் வந்த மூன்றாம் பாகமும் வாங்கிக்கொள்ளும். என்னுடைய முதல் பாக சேவ் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒருநாள் செத்துப்போனது. பரவாயில்லை, கதைதான் தெரியுமே என்று இரண்டாம் பாகத்தைப் புதிதாகத் தொடங்கினேன். துச்சாங்கா கிரகத்தில் இறங்கி, முதல் பாகத்துத் தோழன் ரெக்ஸ் எழுந்து வந்து நாம் ஆடும் ஷெப்பர்டின் கையைப் பிடிப்பான் என்று காத்திருந்தால், அந்த இடத்தில் ரீவ் என்ற வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். நான் பேசிப் பேசிக் காப்பாற்றிய ரெக்ஸ் செத்துவிட்டதாக கேம் தானாகவே எடுத்துக்கொண்டது. சேவ் இல்லை என்றால் அந்த இடம் காலியாக இருக்காது, கேம் தன் கணக்கில் ஒரு விடையைப் போட்டுவிடும், அது பெரும்பாலும் நீங்கள் எடுத்திருக்கக்கூடிய முடிவாக இருக்காது. அன்றே கேமை மூடிவிட்டு முதல் பாகத்தை மறுபடி ஆடினேன். அதற்குப் பிறகு எந்தத் தொடராக இருந்தாலும் ஒரு பாகம் முடிந்ததும் சேவ் ஃபோல்டரை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைக்கிறேன். க்ளவுட் சேவ் இருக்கிறதே என்று விடாதீர்கள், புது கன்சோல் மாற்றும்போது எந்த சேவ் ஃபைலை வைத்துக்கொள்வது என்று கேட்கும் திரையில் அவசரத்தில் தவறாக அழுத்தினாலே போச்சு.

சில தொடர்கள் சேவ் ஃபைலைக் கேட்காமல் உங்களையே கேட்கும். விட்ச்சர் 3-ஐ (2015) தொடங்கும்போது முந்தைய பாகத்தின் நிலையை உருவகப்படுத்தலாமா என்று ஒரு தெரிவு வரும், ஆம் என்று வைத்தால் விசிமா அரண்மனையில் மோர்வ்ரான் வோர்ஹிஸ் என்பவர் நாயகன் கெரால்ட்டை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார், அங்கே நீங்கள் சொல்லும் பதில்தான் இரண்டாம் பாகத்தின் முடிவாக எழுதப்படும். அந்தத் தெரிவைக் கவனிக்காமல் தாண்டியவர்கள் ஏராளம். டிராகன் ஏஜ் 2014-இல் கீப் என்ற இணையப் பக்கமே வைத்து நூற்றுக்கணக்கான முடிவுகளைப் பதியச் சொன்னது, 2024-இல் வந்த வெய்ல்கார்டோ அதையெல்லாம் விட்டுவிட்டு முந்தைய பாகத்திலிருந்து மூன்றே மூன்று முடிவுகளைக் கேட்டது. தி வாக்கிங் டெட் கடைசி சீசனுக்கு 2018-இல் ஸ்டோரி பில்டர் என்ற வசதி வந்தது, பழைய சேவ் தொலைத்தவர்கள் அதில் நாயகி கிளெமென்டைனின் கடந்த காலத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் இரண்டாவது வகை. அதன் 2-ஆம் பாகம் தொடக்கத்திலேயே ஆர்கேடியா பேயில் என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிடும். டபுள் எக்ஸ்போஷர் இன்னும் அழகாகச் செய்கிறது. தொடக்கத்தில் மேக்ஸும் அவள் தோழி சஃபியும் பேசிக்கொண்டிருக்கும்போது பேச்சு க்ளோயி பக்கம் திரும்பும். க்ளோயி என்ன ஆனாள், அவள் மேக்ஸுக்கு யார், தோழியா காதலியா என்று நீங்கள் சொல்லும் பதிலை வைத்து உங்கள் கடந்த காலம் முடிவாகிறது. பார்க்க சாதாரண அரட்டை மாதிரி இருப்பதால் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் போகத் தோன்றும், அந்த இடத்தில் மட்டும் நிதானமாக இருங்கள்.

அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன். ஒரு பாகம் முடிந்த அன்றே, சூடு ஆறுவதற்குள், ஐந்தாறு வரி எழுதுங்கள். பெரிய முடிவுகள் என்ன, யார் உயிரோடு, யாரோடு கோபம், அப்புறம் முக்கியமாக அந்த முடிவை ஏன் எடுத்தீர்கள். "ஊரைக் காப்பாற்றினேன்" என்று மட்டும் எழுதினால் இரண்டு வருடம் கழித்து உதவாது. "க்ளோயியே போகச் சொன்னாள், அவள் பேச்சை மீறக் கூடாது என்று நினைத்தேன்" என்று எழுதியிருந்தால் உங்கள் மேக்ஸ் எப்படிப்பட்டவள் என்று உடனே நினைவுக்கு வந்துவிடும், புதுப் பாகத்தில் அவள் வாயில் எந்த வசனம் பொருந்தும் என்று தானாகத் தெரியும்.

செட்டிங்ஸ் பற்றிச் சுருக்கமாக. சப்டைட்டிலைப் போட்டு, யார் பேசுகிறார்கள் என்று பெயர் காட்டும்படி வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். பதில் சொல்ல நேரக்கெடு இருக்கும் கேம்களில் அதை நீட்டிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், ட்ரூ கலர்ஸில் இருந்தது, ஆங்கில வசனத்தை வேகமாகப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அது ஒன்றே பெரிய உதவி. இந்தத் தொடர் தற்கொலை, துக்கம், துப்பாக்கிச் சூடு எல்லாவற்றையும் நேருக்கு நேர் காட்டும், அது உங்களைப் பாதிக்கும் என்றால் உள்ளடக்க எச்சரிக்கை வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஹெட்போன் போட்டு ஆடுங்கள், இந்தத் தொடரில் இசையும் கதையின் பங்குதான்.

ஆடத் தொடங்கியதும்

கதையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும் ஆள் யார் என்று ஒவ்வொரு இடத்திலும் தெரிந்துவிடும், அவரிடம் கடைசியாகப் பேசுங்கள். அவரிடம் பேசியதும் காட்சி முடிந்து கதவு மூடிவிடும், அந்த அறையில் பார்க்காமல் விட்டதெல்லாம் போய்விடும். அதற்கு முன் மேசையில் இருக்கும் கடிதம், சுவரில் ஒட்டிய சீட்டு, போனில் வந்த மெசேஜ், நாட்குறிப்பில் புதிதாகச் சேர்ந்த பக்கம் எல்லாவற்றையும் படித்துவிடுங்கள்.

இது வெறும் ரசனைக்காகச் சொல்வதில்லை. முதல் கேமின் இரண்டாம் எபிசோடில் மேக்ஸோடு படிக்கும் கேட் மார்ஷ் விடுதிக் கூரை விளிம்பில் நிற்கிறாள். அதுவரை எந்தத் தவறையும் ரீவைண்ட் செய்து, அதாவது காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, திருத்திக்கொண்டு வந்த மேக்ஸுக்கு அந்த நேரம் பார்த்துச் சக்தி தீர்ந்துவிடும், பேசி மட்டுமே அவளை இறக்க வேண்டும், ஒரே வாய்ப்பு. அங்கே உங்களுக்குக் கைகொடுப்பது கொஞ்ச நேரம் முன்பு அவள் அறையில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பதுதான். அவளை நேசிக்கும் வீட்டார் யார், அவளுக்கு ஆறுதல் தரும் பைபிள் வசனம் எது, எல்லாம் அந்த அறையில் இருந்தது. நின்று பார்த்தவர்களுக்கு வாயில் சரியான வார்த்தை வரும். பார்க்காதவர்கள் நான்கு தெரிவுகளுக்கு முன்னால் குத்துமதிப்பாக ஒன்றைத் தொட வேண்டியதுதான். அறை மட்டும் இல்லை, அதற்கும் முன்பு காவலாளி டேவிட் அவளை மிரட்டியபோது குறுக்கே போனீர்களா இல்லை தள்ளி நின்று போட்டோ எடுத்தீர்களா, கண்ணாடியில் அவளைக் கேவலப்படுத்தி எழுதியிருந்ததை அழித்தீர்களா, க்ளோயி முகம் சுளித்தாலும் கேட்டின் போனை எடுத்தீர்களா, எல்லாமே அந்தக் கூரைக்கு வந்து சேரும். போனை எடுத்தது எனக்கு அந்த நேரத்தில் ஒரு விஷயமாகவே படவில்லை. கூரையில் அவள் அதைச் சொன்னபோது கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்திருந்தேன், அந்த உணர்வு இன்னும் கையில் இருக்கிறது.

ஆக, திரையின் மூலையில் பட்டாம்பூச்சி பறந்தால்தான் முக்கியமான முடிவு என்று நினைக்காதீர்கள். மேக்ஸின் அறையில் லிசா என்று ஒரு செடி இருக்கிறது, தண்ணீரே ஊற்றாமல் விட்டாலும் பட்டுப்போகும், பார்க்கும்போதெல்லாம் ஊற்றினாலும் அழுகிப்போகும். லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் 2-இல் இது இன்னும் ஆழம். அங்கே சக்தி இருப்பது தம்பி டேனியலிடம், நீங்கள் ஆடுவது அண்ணன் ஷானாக. கெட்ட வார்த்தை பேசினால் அவன் கற்றுக்கொள்கிறான், திருடினால் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனை வைத்துக்கொண்டு நீங்கள் செய்வதெல்லாம் அவனுக்குப் பாடம். கடைசியில் நீங்கள் ஒரு முடிவெடுக்கலாம், அதற்கு டேனியல் கட்டுப்படுவானா என்பது ஐந்து எபிசோடாக நீங்கள் அவனை வளர்த்த விதம். ஒரே பொத்தானை அழுத்திய இரண்டு பேருக்கு இரண்டு வேறு முடிவு வருவது இப்படித்தான், "இதை அழுத்தினால் நல்ல முடிவு" என்று சொல்லும் வழிகாட்டிகள் இந்த இடத்தில் பயன்படாது.

டபுள் எக்ஸ்போஷருக்கு வருவோம். மேக்ஸ் இப்போது வெர்மான்ட்டில் கேலடன் பல்கலைக்கழகத்தில் புகைப்படக் கலைஞராக இருக்கிறாள். சஃபி பனியில் சுடப்பட்டுக் கிடக்கிறாள். ரீவைண்ட் வராது. அதற்குப் பதில் சஃபி உயிரோடு இருக்கும் இன்னொரு உலகத்துக்குப் போக வழி திறக்கிறது. இரண்டு சக்திகள்: ஷிஃப்ட் என்றால் உலகம் மாறுவது, பல்ஸ் என்றால் இருக்கும் இடத்திலிருந்தே மறு உலகத்தை எட்டிப் பார்ப்பது, ஒட்டுக்கேட்பது. ஷிஃப்ட் நினைத்த இடத்திலெல்லாம் வராது, காற்று கிழிந்தது போலத் தெரியும் இடங்களில் மட்டும்தான்.

பழகிக்கொள்ள வேண்டிய வரிசை இதுதான். புது அறைக்குள் போனதும் முதலில் பல்ஸ், அங்கே யார் நிற்கிறார்கள், எந்தப் பொருள் இடம் மாறியிருக்கிறது, எந்தக் கதவு அங்கே திறந்திருக்கிறது என்று பாருங்கள். இங்கே பூட்டியிருப்பது அங்கே திறந்திருந்தால் அங்கே போய், உள்ளே நுழைந்து, மறுபடி இங்கே வர வேண்டும், புதிர்களில் பெரும்பாலானவை இதன் வெவ்வேறு வடிவம்தான். மாட்டிக்கொண்டால் சுற்றிச் சுற்றி ஓடாமல் "கடைசியாக யாராவது எதையாவது இல்லை என்று சொன்னார்களா" என்று யோசியுங்கள், அது மறு உலகத்தில் இருக்கும்.

புதிரைவிடக் கடினமானது மனிதர்கள். மோசஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உலகத்தில் அவன் நெருங்கிய தோழியைப் பறிகொடுத்தவன், வார்த்தையை அளந்து பேச வேண்டும். இன்னொன்றில் எதுவும் நடக்கவில்லை, அவனும் சஃபியும் வழக்கம்போல இருக்கிறார்கள். இங்கே அவன் மனம் திறந்து சொன்னதை அங்கே இருக்கும் மோசஸ் சொல்லவே இல்லை. இரண்டு மணி நேரம் ஆடியதும் எந்த மோசஸிடம் என்ன பேசினோம் என்பது குழம்பும், நிச்சயம் குழம்பும். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இடது பக்கம் சஃபி இருக்கும் உலகம், வலது பக்கம் இல்லாத உலகம் என்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் அத்தியாயத்தில்தான் இதைத் தொடங்கினேன், முதலிலேயே செய்திருந்தால் இரண்டு உரையாடல்களை வேறு மாதிரி பேசியிருப்பேன்.

முடிவு கேட்கும் திரை வந்ததும், கடிகாரம் ஓடவில்லை என்றால் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள், அதற்குத்தான் காட்சியை நிறுத்தியிருக்கிறார்கள். கடிகாரம் ஓடும் வகை என்றால், தி வாக்கிங் டெட் மாதிரி, மனதில் முதலில் பட்டதைத் தொடுங்கள். அங்கே பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான், மற்றவர்கள் அதையும் குறித்துக்கொள்வார்கள். முதல் சீசனில் பசித்த கூட்டத்துக்கு நான்கே உணவுப் பொருட்களை நாயகன் லீ பங்கிட வேண்டிய காட்சி ஒன்று உண்டு. எல்லோருக்கும் போதாது. அங்கே சரியான விடை கிடையாது, யார் முகத்தைப் பார்த்துக் கொடுக்காமல் போக உங்களால் முடியும் என்பதுதான் கேள்வி.

முதல் முறை ஆடும்போது பின்னால் போகாதீர்கள். சேவ் ஃபைலை ரீலோடு செய்து "இன்னொன்றை அழுத்தினால் என்ன" என்று பார்ப்பது கையில் இருக்கும் வசதிதான், தெரியும். ஆனால் இரண்டையும் பார்த்துவிட்டால் எதுவும் உங்கள் முடிவாக இருக்காது. டபுள் எக்ஸ்போஷரில் ரீவைண்ட் இல்லாத மேக்ஸைக் கொடுத்திருக்கிறார்கள், அவளோடு சேர்ந்து நீங்களும் அதைப் பொறுத்துக்கொண்டால்தான் அவள் பதற்றம் உங்களுக்குப் புரியும். ஒரே விதிவிலக்கு, கை தவறி வேறு பொத்தான் அழுத்திவிட்டால். அது முடிவே இல்லை, தாராளமாகத் திருத்துங்கள்.

அத்தியாயம் முடிந்ததும் மற்றவர்கள் எத்தனை சதவீதம் என்ன தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு திரை வரும். அதை நிதானமாகப் பாருங்கள், நீங்கள் இருக்கிறது என்றே தெரியாமல் தாண்டிய முடிவுகளும் அங்கே பட்டியலாக இருக்கும். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து அடுத்த அத்தியாயத்தில் பெரும்பான்மைப் பக்கம் சாயாதீர்கள்.

ஸ்பாய்லர் விஷயத்தில் ஒன்று. டபுள் எக்ஸ்போஷரின் விலை உயர்ந்த பதிப்பு வாங்கியவர்களுக்கு முதல் இரண்டு அத்தியாயங்கள் இரண்டு வாரம் முன்பே, அக்டோபர் 15 அன்றே கிடைத்தன. கதையையே நம்பி நிற்கும் கேமுக்கு இது சரியான யோசனை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன், மற்றவர்கள் அந்த இரண்டு வாரமும் இணையத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்க வேண்டியிருந்தது. உங்கள் தொடரில் இப்படி ஏதாவது அறிவித்தால், முக்கியப் பாத்திரங்களின் பெயர்களை அந்த நாளுக்கு முன்பே சமூக வலைத்தளங்களில் மியூட் செய்துவிடுங்கள். யூடியூப் முகப்புப் படங்கள்தான் மோசம், தேடாமலே கண்ணில் படும், கேம் முடியும் வரை பார்த்த வரலாற்றைப் பதிவதை நிறுத்தி வையுங்கள்.

முடிந்ததும் உடனே இரண்டாம் ஆட்டம் தொடங்காதீர்கள், குறைந்தது சில வாரம் போகட்டும். தொடங்கும்போது வேறு சேவ் ஸ்லாட்டில் தொடங்குங்கள், அடுத்த பாகம் எதைப் படிக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது, முதல் ஆட்டத்தின் மேல் எழுதிவிட்டால் ரெக்ஸ் கதைதான். எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தால் பாத்திரம் நொண்டும், முதல் முறை ஒருவனை நம்பினீர்கள் என்றால் இந்த முறை யாரையும் லேசில் நம்பாத ஒரு மேக்ஸ் என்று ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றி, கடைசிவரை அதைப் பிடித்துக்கொண்டு ஆடுங்கள். க்ளோயி பற்றி சஃபி கேட்கும்போது போன முறை சொல்லாத பதிலைச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன், மேக்ஸின் போனிலும் நாட்குறிப்பிலும் இருப்பதே மாறிப்போயிருந்தது, அவற்றைப் படித்து முடிக்கவே அன்றைய இரவு சரியாகப் போய்விட்டது.